மறிபட்ட எஞ்சின்

ரயில் எஞ்சின் ஒன்று ரயில் கேட்டில் மறிபட்டு நின்றது.

எழுபது தொன் பழைய டீசல் எஞ்சின். நாற்பது சில்லு லொறியின் முதுகில், கழுத்து நிறைய மாலையோடு, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இரணைமடுப் பக்கம் புதிதாய்ப் போட்ட அரை மைல் பாரம்பரிய ரயில் பாதையில் அதைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். திறப்பு விழாவின் பிரதம விருந்தினர் பதினொரு மணி வரைதான் இருப்பாராம். அவர் எழும்பிவிட்டால் பழைய ரயில் பாதுகாப்புச் சங்கத் தலைவர் கொன்ஸ்ரன்ரைனின் பதினாறு பக்க உரையைக் காகம்தான் கேட்கும்.

வவுனியாவிலிருந்து எஞ்சின் ஆசனத்தில் அமர்ந்து கையசைத்துக்கொண்டே வந்த தலைவர், ஏணி பிடித்து இறங்கினார்.

“பிள்ளை, கேட்டைத் திறவும்!”

“ஏலாது ஐயா. எஞ்சின் ஒண்டு வருதாம். அது போய் முடியுமட்டும் திறக்கப்படாதெண்டு ஓடர்,” என்றாள் கேட் காக்கும் ஜெயரூபினி.

“இதுவும் எஞ்சின்தானே? எஞ்சினுக்கே கேட் பூட்டுறீரோ?”

“லொறியில வந்தா அது சாமான், ஐயா.”

லொறிச் சாரதி அன்ஸார் மறுபக்கம் திரும்பி நின்று இருமினார்.

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. தான் ஏறிவரும் எஞ்சினுக்கு வழிநெடுக மரியாதை வேண்டுமென்று மூன்று மாதமாக அவர் கடிதம் போடாத ரயில் கந்தோர் இல்லை. லொறி என்ற சொல் கௌரவக் குறைவென்று அதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அவரையா ஒரு தடி மறிப்பது?

பத்தரை ஆயிற்று. ஒன்றும் வரவில்லை.

“அதென்ன பிள்ளை அப்பிடியொரு எஞ்சின்?”

“விசேச எஞ்சினாம் ஐயா. பெட்டி இல்லாமல் தனிய வருதாம். ஆரோ பெரிய மனிசரும் அதில வாறாராம்.”

பெரிய மனிதர்! தலைவரின் கோபம் அந்த இடத்திலேயே பக்தியாகிவிட்டது.

“அன்ஸார், மாலையைக் கழட்டும்! பின்னால வாற மேளக்காரரை லைன் பக்கம் திருப்பும்!”

“அப்ப எங்கட எஞ்சினுக்கு?”

“அது கிழட்டு இரும்பு. சும்மா நிக்கட்டும்.”

மேளம் முழங்கியது. நீட்டிய மாலையோடு தலைவர் வவுனியாப் பக்கம் பார்த்துக் குனிந்தார். சந்தேகம் வந்து யாழ்ப்பாணப் பக்கமும் குனிந்தார். தண்டவாளத்தில் மாடொன்று வந்தது. மேளக்காரர் அதற்கும் ஒரு கீர்த்தனை வாசித்து அனுப்பினார்கள்.

பதினொன்று ஐந்துக்கு இரணைமடுவிலிருந்து போன் வந்தது. விருந்தினர் போய்விட்டார், வடையும் முடிந்துவிட்டது.

தலைவர் மாலையை நிலத்தில் எறிந்தார். “என்ரை விழாவைக் குழப்பின அந்தப் பெரிய மனிசன் ஆர்? அவனை நான் சும்மா விடன்! ஸ்ரேசனுக்கு அடிச்சுப் பேரைக் கேளும் பிள்ளை!”

ஜெயரூபினி கேட்டாள். “ஓம்… ஓமோம்…” என்று தலையாட்டிவிட்டுப் போனை வைத்தாள்.

“ஆரோ கொன்ஸ்ரன்ரைனாம், ஐயா.”