ஒத்தை விரல் போதும்

"இதை மாட்டிட்டா யார் வேணும்னாலும் மூடியைத் திறக்கலாமா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஒத்தை விரல் போதும் மேடம். கனத்தையெல்லாம் இந்த லிஃப்டரே வாங்கிக்கும்" என்றார் மெக்கானிக். எல்லா வீட்டிலும் சொல்கிற வசனம். கேட்டவர்களுக்கு முகம் மலரும். இவளுக்கு இருண்டது.

"அப்போ வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க."

மெக்கானிக் விழித்தார். வீட்டின் பின்பக்கம் பதித்திருந்த ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டியின் மூடி, இரட்டைக் கட்டில் மெத்தை அளவுக்கு இருந்தது. வெந்நீரின் ஆவியைக் குடித்துக் குடித்து ஊறிப்போய், பிணக்கனம் கனத்தது. அதைத் தினமும் தூக்குகிறவளின் இடுப்பிலோ டாக்டர் கொடுத்த பெல்ட். மனைவி கஷ்டப்படக் கூடாதென்றுதான், வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் லிஃப்டரை வாங்கி அனுப்பியிருந்தார்.

"சார் சொல்லி அனுப்பினது மேடம். மாட்டாம போனா எங்க முதலாளி என்னை மாட்டி விட்டுடுவார்."

அவள் சிரிக்கவில்லை. மூடியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள்.

"சரி, மாட்டுங்க. கூடவே பூட்டும் போட்டுடுங்க. சாவி என் கையிலதான் இருக்கணும்."

"பூட்டு எதுக்கு? வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்ல. மாமா இருக்கார்."

மாமனார் நாலடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். காது கேட்காதவர் மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் உள்ளே போனதும் வாயைத் திறந்தார்.

"தம்பி, உன்கிட்ட வாய்க்குப் போடற பூட்டு இருந்தா எனக்கு ஒண்ணு மாட்டிடு. அவளுக்கு அது ஒண்ணுதான் பாக்கி."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. "இது உங்க வீடுதானே ஐயா?"

"நான் கட்டினது. இந்தத் தொட்டியும் நான் வாங்கினதுதான், என் வீட்டுக்காரிக்கு மூட்டு வலின்னு. அவ சொகுசா கண்ணை மூடிட்டா. நான் கிடக்கேன்."

"நீங்க இதுல இறங்கறது உண்டா?"

"மகாராணி மனசு வெச்சா உண்டு. அப்பவும் பக்கத்துலயே முக்காலி போட்டு உட்கார்ந்துக்குவா. ஜெயில்ல கூட குளிக்கிறவனை இப்படிக் காவல் காக்க மாட்டான்."

கை கழுவ உள்ளே போன மெக்கானிக், குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததைப் பார்த்தார். திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

திரும்பி வந்து அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அதையும் அவதான் கழட்டினா" என்றார் பெரியவர். "போகட்டும், கிழவன் குளிக்கிறதை எவன் எட்டிப் பார்க்கப் போறான்."

மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை வெளியூரில். வந்தவள் வைத்ததுதான் இங்கே சட்டம். வயசான மனுஷன் வெந்நீரில் காலை நனைக்க இவளிடம் கெஞ்ச வேண்டும்.

தொட்டியின் இரண்டு பக்கமும் தாங்கிகளை முடுக்கினார். மூடியின் நடு மடிப்பில் குழாயைச் செருகி, இரண்டையும் இணைத்தார். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அத்தனை பெரிய மூடி, புத்தகத்தைப் புரட்டுவது போல மடங்கிப் பின்னால் போய் நின்றது. பெரியவர் கண் இமைக்காமல் பார்த்தார்.

கடைசியாக வார்களை இழுத்துக் கட்டிப் பூட்டு போட்டார். மருமகள் வந்து, வலிக்கிற இடுப்போடு குனிந்து, வாரைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

"அறுந்து கிறுந்து போயிடாதே?"

"யானை இழுத்தாலும் வராது மேடம்."

"சாவி?"

ஒன்றைக் கொடுத்தார்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்" என்றார் மெக்கானிக். இன்னொன்று அவர் சட்டைப் பையில் இருந்தது.

உள்ளே அவளுடைய போன் அடித்தது. அவள் போன பிறகு அந்தச் சாவியை எடுத்துப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"வெச்சுக்குங்க ஐயா. சொந்த வீட்டுல யார்கிட்டயும் போய் நிக்காதீங்க."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருப்பே தம்பி. இத்தனை பேர் வந்து போறாங்க, என் மனசு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

மெக்கானிக் நிறைந்த மனதோடு கருவிப் பெட்டியைத் தூக்கினார்.

"நிஜமாவே ஒத்தை விரல் போதுமா?" என்று கேட்டார் பெரியவர்.

"போதும் ஐயா. சத்தம்கூட வராது."

"அதான் வேணும். போன தடவை மூடி கை நழுவி விழுந்துடுச்சு. அந்தச் சத்தத்துலதான் ஓடி வந்துட்டா. முழுசா முங்க விடாம, ஒத்தை ஆளா என்னை வெளியே இழுத்துப் போட்டா. அன்னைக்குப் பிடிச்ச இடுப்பு, பாவம், இன்னும் விடல அவளுக்கு."

பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

மெக்கானிக் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஐயா, அந்தச் சாவி மாறிப் போச்சு. குடுங்க, வேற தர்றேன்."

பெரியவர் கையை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் அவர் முன்னால் மண்டியிட்டு, விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எலும்பும் நரம்புமாக இருந்த அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

சாவி கைமாறியதும் பெரியவர் அவரை வெறித்துப் பார்த்தார்.

"உன்னைப் போய் நல்லவன்னு நெனச்சேனே. நீயும் அவளை மாதிரிதான்."