முதல் சோலோவுக்கு ஒரு வாளித் தண்ணீர்

அந்தப் போர் விமானத்தில் ஒரே ஓர் இருக்கைதான். சொல்லிக்கொடுப்பவர்கூடப் பின்னால் உட்கார இடம் கிடையாது. இன்று அந்த ஓர் இருக்கையும் காலியாகவே மேலே போய்விட்டு வந்தது.

ஐந்து மாதமாக விமானி யாழரசி ஓட்டியதையெல்லாம் கவனித்து, அவள் கைப்பழக்கத்தையும் பேச்சையும் அப்படியே பிடித்துக்கொண்ட விமானம் அது. ஆளில்லாமல் முதன்முறையாகப் பறந்துவிட்டு, அவளைப் போலவே இடது சக்கரத்தை ஒரு நொடி முந்தித் தரையில் வைத்து இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த யாழரசி அதனருகே நடந்தாள்.

முதல் சோலோ, அதாவது தனியாகப் பறப்பதை, முடித்து வருகிறவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவது அந்தத் தளத்தின் வழக்கம். தரைக்குழுவின் மூத்தவர் சந்தியாகு வாளியும் துண்டுமாக விமானத்தின் ஏணியடிக்கு வந்து, காலி இருக்கையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மிஷின் தலையிலயா ஊத்த முடியும்? நீங்களே வாங்க மேடம். பறந்தது உங்க கைதானே."

யாழரசி சிரித்துக்கொண்டே குனிந்தாள். மே மாத வெயிலில் கிடந்த தண்ணீர் வெதுவெதுப்பாக அவள் தலையில் இறங்கியது.

"ஐயோ, போதும்ணே! குளிருது!"

அவள் குரல்தான். ஆனால் அவள் வாயைத் திறக்கவே இல்லை. போன மார்கழியில் தன் முதல் சோலோ முடிந்து, இதே இடத்தில் நின்று அவள் கத்திய வார்த்தைகள் அவை. விமானத்தின் ஒலிபெருக்கியில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அடடா, இதோ வந்துட்டேன் மேடம்!"

சந்தியாகு துண்டை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றவளைத் தாண்டி ஏணியில் ஏறினார்.