மாவு மாத்திரை

"வேலை செய்யுது! மருந்து வேலை செய்யுது!"

ஆராய்ச்சி டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் நர்ஸ் கையிலிருந்த காபி தளும்பியது.

ஏரிப் பாசியிலிருந்து எடுத்த மூட்டுவலி மாத்திரை அது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே மாதிரி டப்பாவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சோதனை முடிந்து, இன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் அந்த ரகசியத்தைத் திறந்து காட்டியது.

நிஜ மருந்து சாப்பிட்டவர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். மாவு சாப்பிட்டவர்கள் இன்னும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"ஒரே ஒரு வீடுதான் மேடம் இடிக்குது" என்றாள் நர்ஸ். "அந்த ஓரகத்திங்க."

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இருவர். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். மூத்தவளுக்குக் கொடுத்தது நிஜ மருந்து. ரத்தத்தில் அதன் சுவடே இல்லை. இளையவளுக்குக் கொடுத்தது மாவு. ரத்தம் முழுக்க மருந்து!

"அமுக்குணி மாதிரி இருந்துக்கிட்டு, அக்கா மாத்திரையை அடிச்சிருக்காங்க பாருங்க!"

"கூப்பிடு ரெண்டு பேரையும்."

ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்தது.

"மெதுவா வாங்கக்கா..."

"என் கால், நான் நடக்கறேன். குறுக்கே நிக்காம தள்ளிப் போடி!"

நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள் மூத்தவள். இளையவள் நின்றாள்.

"மருந்து ஜெயிச்சிடுச்சும்மா! இனிமே எல்லாருக்கும் நிஜ மாத்திரைதான்" என்ற டாக்டர், இளையவள் பக்கம் திரும்பினார். "ஆனா விதியை மீறினவங்களுக்குக் கிடையாது. நீங்க உங்க அக்கா மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டிருக்கீங்க."

இளையவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, நான் என் டப்பாவுல இருந்ததைத்தான் சாப்பிட்டேன் மேடம்! இப்பதான் நாலு எட்டு நடக்கறேன்... அதை நிறுத்திடாதீங்க."

"ரத்தத்துல தெரியுதேம்மா" என்றாள் நர்ஸ்.

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் மூத்தவளைப் பார்த்தாள். பூனை பாலைக் கொட்டினால்கூட ஓரகத்தியைத் திட்டுகிறவள், இப்போது வாயே திறக்கவில்லை.

"உங்க மாத்திரை காணாமப் போனது உங்களுக்குத் தெரியாதா?"

"காணாமல்லாம் போகல. நான்தான் மாத்தி வெச்சேன்."

"என்னது?"

"முதல் மாசமே எனக்கு முட்டி லேசாயிடுச்சு. மொட்டைமாடிக்கே ஏறித் துணி காயப்போட்டேன். இவ அப்பவும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எது மாவுன்னு தெரிஞ்சு போச்சு. அன்னையிலேர்ந்து இவ டப்பாவுல என்னோடது, என் டப்பாவுல இவளோடது."

டாக்டர் மறுபடி துள்ளி எழுந்தார். "அப்போ உங்களுக்குப் போன வலி, மாத்தினதும் திரும்பி வந்துச்சா? அதுக்கப்புறம்தான் இவங்களுக்கு விட்டுச்சா? அடடா! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்! கணக்குல சேர்க்க முடியாதே, அதான் வயித்தெரிச்சல்!"

சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டுமே நிஜம். இனி மாத்த வேண்டாம்."

இளையவள் இன்னும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்கா, தினமும் என்னை அந்தத் திட்டு திட்டினீங்களே!"

"முட்டிவலியோட இருக்கறவ திட்டாம கொஞ்சுவாளா?"

"அதான் கேக்கறேன்" என்றார் டாக்டர். "உங்களுக்கும் அதே வலிதானே? ஏம்மா விட்டுக்கொடுத்தீங்க?"

மூத்தவள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு வலிச்சா தெருவுக்கே கேக்கும் மேடம். கத்தியே தீத்துப்பேன். இவதான் வாயைத் திறக்க மாட்டாளே!"