பட்டை கேட்ட கேள்வி

தாரகையின் வயிற்றில் கட்டியிருக்கும் பேசும் மருத்துவப் பட்டைதான் கருவிலுள்ள குழந்தைக்கு வீட்டிலேயே ரத்தம் ஏற்றும். அன்று முதல்முறை தொடங்குமுன் அது அவளிடம் சத்தமாகவே கேட்டது. "உங்கள் ரத்தம் குழந்தையின் ரத்தத்தை அழிக்கிறது. முதல் கர்ப்பத்தில் இது பெரும்பாலும் வராது. இதற்கு முன் கர்ப்பம் உண்டா?"

பால் தம்ளரோடு வந்த மாமியார் ருக்மணி அப்படியே நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் கர்ப்பம்.

தாரகை கணவனைப் பார்த்தாள். இளவேந்தன் தரையைப் பார்த்தான்.

"உண்டு. கலைஞ்சிடுச்சு," என்றாள். பட்டை ரத்தம் ஏற்றத் தொடங்கியது.

"யாரோடது?" என்றாள் ருக்மணி. தாரகை வயிற்றை அணைத்துக்கொண்டாள். "நல்லா ஏமாத்திட்டே," என்று ருக்மணி தம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

குழந்தையின் இதயத்துடிப்பு சீராகிவிட்டதாகப் பட்டை சொன்ன பிறகுதான் இளவேந்தன் வாய் திறந்தான்.

"அம்மா, அது என்னோடதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி. கலைஞ்சதும் ரத்தம் சேராததுக்கு ஒரு ஊசி போட்டிருந்தா இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காது. போட்டுக்கணும்னு இவ அப்பவே கேட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனா வெளிய தெரிஞ்சிடும்னு நான்தான் விடல."

ருக்மணி அவனைப் பார்க்கவில்லை. தம்ளரை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

ரத்தம் ஏற்றி முடிந்ததும் பட்டையை அவிழ்க்க இளவேந்தன் குனிந்தான். தாரகை அவன் கையை விலக்கினாள்.

"அத்தை, நீங்க அவுத்து விடுங்க."