வியாழக்கிழமை மிஸ்டு கால்

"நடக்கப்போறது எல்லாம் முன்கூட்டியே தெரியும்னு ஒருத்தி சொன்னா, யாரும்மா நம்புவாங்க?" என்று போனில் கேட்டுவிட்டார் பத்திரிகை ஆசிரியர்.

சஹருக்குச் சுருக்கென்றது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து கழுத்து வலிக்க வீடு திரும்பி, உட்கார்ந்து எழுதிய கதை அது. நல்லவேளை, ஆசிரியர் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. கதாநாயகி நாலு தடவை சரியாகச் சொன்னால் ஒரு தடவையாவது தப்ப வேண்டுமாம். அவள் சக்திக்கு ஓர் எல்லை வேண்டுமாம். அப்போதுதான் படிக்கிறவர்கள் நம்புவார்களாம்.

அட, அப்படி ஒரு ஆள் நம்ம கம்பெனி கேட்டிலேயே உட்கார்ந்திருக்கே என்று சஹருக்கு அப்புறம்தான் உறைத்தது.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். காலையில் கேட் ஜன்னலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். சாயந்திரம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஜன்னலில் இருக்கும் செக்யூரிட்டிதான் தனகோடி அக்கா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் அவருக்கு 'சக்தி' இருப்பதாக லைன் முழுக்கப் பேச்சு.

எல்லாம் கௌசர் ஆபாவால் வந்த பேச்சு. சஹருக்குப் பக்கத்து மெஷின்; மூத்தவள் என்பதால் 'ஆபா', அதாவது அக்கா. ஆபாவின் புருஷன் ஹபீப் தோல் வேலைக்கென்று கான்பூர் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் வியாழக்கிழமை தவறாமல் கூப்பிட்டான். ஆறு மாசத்தில் அதுவும் நின்றுபோய், நம்பரே செத்துவிட்டது. அவனுக்கு அங்கே வேறு குடும்பம் என்று ஊரே பேசியது, ஆபாவின் காதுபட மட்டும் பேசவில்லை.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலையில், ஆபா நீட்டிய போனைக் கையில் வைத்துக்கொண்டு தனகோடி அக்கா கண்ணை மூடினார்.

"இன்னிக்கு அவர்கிட்டேர்ந்து போன் வரும்னு மனசுல படுது, கௌசரு."

சாயந்திரம் பார்த்தால், தெரியாத நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால். அன்றிலிருந்து வியாழன்தோறும் இதே கதை. அது ஹபீப்தான் என்று லைனே நம்பியது; திருப்பி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வருவதாக ஆபா சொல்வாள். சில வாரம் "இன்னிக்கு ஒண்ணும் படல" என்பார்; அன்றைக்கு வராது. ஒருமுறை வரும் என்று சொல்லி வராமலே போய்விட்டது. அக்கா மறுநாள் முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கால் வந்த நாட்களில் கௌசர் ஆபா கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கும்வரை அந்த போனையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்தால் சஹருக்கே, நமக்கும் இப்படி ஒரு கால் வராதா என்று ஏக்கமாக இருக்கும்.

இதையெல்லாம் அப்படியே கதையில் சேர்த்தாள். முடிவு மட்டும்தான் பாக்கி.

நேற்று வியாழக்கிழமை. பல்வலி தாங்காமல் சஹர் மூணு மணிக்கே பர்மிஷன் போட்டுவிட்டுக் கேட்டுக்கு வந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த தனகோடி அக்கா, ஒரு பழைய பட்டன் போனை அமுக்கிக்கொண்டிருந்தார். எதிரே ரேக்கில், பச்சைக் கவர் போட்ட போன் ஒன்று அதிர்ந்தது. கௌசர் ஆபாவுடையது. ரெண்டு ரிங் போனதும் அக்கா கட் பண்ணினார். பட்டன் போனை ஆஃப் செய்து டிபன் பைக்குள் சொருகிக்கொண்டார்.

சஹருக்குப் பல்வலி மறந்துபோனது. ஒன்றும் பார்க்காதவள் போல டோக்கனை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டு நடந்தாள். நடுநடுவே தப்பினால்தான் நம்புவார்கள் என்று ஆசிரியர் சொன்ன வித்தையை இந்தம்மா எங்கே போய்க் கற்றுக்கொண்டார்? புருஷனுக்காக ஏங்கி உருகுகிற ஒருத்தியின் மனசோடு விளையாட எப்படி மனம் வந்தது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. ஆபாவிடம் சொன்னால் உடைந்துபோய்விடுவாள். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் இப்படியே காத்துக்கிடப்பாள். சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று முடிவு செய்தாள்.

இன்று காலை பஸ்ஸில் ஆபா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

கௌசர் ஆபா அழவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும் சஹர்."

"எப்போதிலேர்ந்து ஆபா?"

"மொத வாரத்திலேர்ந்தே. அன்னிக்கு சாயந்திரம் ஜன்னல்ல நின்னுக்கிட்டே திருப்பி அடிச்சேன். அக்காவோட டிபன் பைக்குள்ள மணி அடிச்சுது. கூட்டத்துல அவங்க காதுல விழல."

அப்புறம் தன் நம்பரிலிருந்து வந்த மிஸ்டு காலைப் பார்த்திருப்பார்போல, அன்றிலிருந்துதான் அக்கா அந்த போனை ஆஃப் செய்து வைக்கிறார் என்றாள். ஹபீப் இனிமேல் கூப்பிடப்போவதில்லை என்பதும் தனக்குத் தெரியும் என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் வெளியே பார்த்துக்கொண்டாள்.

பஸ் கேட்டில் நின்றது. தனகோடி அக்கா ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார். இறங்கப் போன ஆபா திரும்பி, சஹரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அக்காகிட்ட சொல்லிடாத. சொன்னா நிறுத்திடுவாங்க. வாரத்துல ஒருநாள் என்னை ஞாபகம் வெச்சு போன் பண்றதுக்கு, எனக்கு வேற யாரு இருக்கா?"