இடிக்கூட்டம்

“கதவத் தொற, சங்கையா. அந்தத் தட்டு கெடச்சிருச்சுலே!”

சின்னமுத்து மறுபடியும் கதவைத் தட்டினான். உடுமலை பஸ் பிடித்து, அங்கிருந்து கோயமுத்தூர் போய், பழைய சாமான் கடைகளை இரண்டு நாள் சல்லடை போட்டுச் சலித்து, ஒரு கீறல் படாமல் அந்த இசைத்தட்டைத் தேயிலை எஸ்டேட் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். சங்கையா கதவைத் திறக்காவிட்டால் அத்தனையும் வீண்.

திறந்தது சங்கையாவின் மனைவி பெரியம்மாள்.

“வாங்கண்ணே! இந்தப் பக்கம் வந்து வருசம் ஒண்ணாச்சே” என்றவள் உள்ளே திரும்பினாள். “ஏங்க, வந்திருக்கது யாருன்னு பாருங்க. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க.”

சங்கையா எழுந்து வந்தான். எஸ்டேட் துரையின் பங்களாவில் சமையல் வேலை அவனுக்கு. எழுபத்தொன்றில் வெள்ளைக்கார துரை சீமைக்குக் கிளம்பியபோது, பேட்டரியில் ஓடும் ரெக்கார்டு பிளேயர் பெட்டியையும் ஒரே ஒரு இசைத்தட்டையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய கூட்டத்துக்கு நடுவே மேடையில் நடந்த கச்சேரியை அப்படியே பிடித்துவைத்த தட்டு. அட்டையில் தோள்வரை முடி வளர்த்த நாலு பேர் நின்றார்கள்.

அந்த வருஷம்தான் சின்னமுத்துவின் மனைவி குருவம்மாள் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். ஃபாக்டரி வேலை முடிந்தால் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போகவே அவனுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே வந்துவிடுவான். சங்கையா தட்டைப் போடுவான். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி மேளம் விழும். பாடுகிறவன் கிளி மாதிரி கீச்சுக்குரலில் மூச்சு விடாமல் கத்துவான். பத்து நிமிஷத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஆடுவார்கள். பேர் தெரியாததால் ‘இடிக்கூட்டம்’ என்று சின்னமுத்துவே அவர்களுக்குப் பேர் வைத்தான்.

ஆறு வருஷம் அப்படி ஓடியது. போன வருஷம் ஒரு நாள், “இன்னிக்கு நான் போடுறேன்லே” என்று தட்டை எடுத்துக்கொண்டு போன சின்னமுத்துவின் கையைச் சங்கையா வெடுக்கென்று பிடித்து இழுத்தான். தட்டு விழுந்து இரண்டாக உடைந்தது. “பொட்டியத் தொடக்கூட எனக்கு யோக்கியத இல்லியோ?” என்று கேட்டுவிட்டு, கையில் கிடைத்த துண்டோடு போனவன்தான். அந்த வீறாப்பில் ஒரு வருஷம் தனிமையில் வெந்தபிறகு, தட்டை எப்படியாவது தேடிக் கொடுத்துச் சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்து வந்திருக்கிறான்.

“அதே தட்டா?” என்று கேட்டான் சங்கையா. குரலில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை.

“அதேதான்லே. ஒடஞ்ச துண்டக் கொண்டுபோயி, நடுவுல ஒட்டியிருக்க தாளுல எழுத்துக்கு எழுத்து வச்சுப் பாத்துத்தான் வாங்குனேன். பொட்டிய எடு. நான் போடுறேன்.”

“இப்ப என்ன அவசரம்? காப்பி குடி மொதல்ல.”

“பாத்தியா! நான் தொட்டாத் தேஞ்சா போயிரும்?” சின்னமுத்து தட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். “எனக்கு இந்த எஸ்டேட்டுல வேற யாருலே இருக்கா?”

சங்கையா அவனையே பார்த்தான். பிறகு, தட்டு உடைந்த நாளிலிருந்து திறக்காத பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். “சரி, நீயே போடு.”

சின்னமுத்து தட்டை வைத்து, ஊசியை இறக்கினான்.

கைதட்டல் கேட்டது. அடங்கியது. அப்புறம் ஒற்றைக் கித்தார் தயங்கித் தயங்கி வந்தது. ஒரு கனத்த ஆண்குரல் பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி மெல்லப் பாடியது. மேளம் எங்கோ தூரத்தில், அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து அடித்தது.

சின்னமுத்துவுக்கு முகம் தொங்கிப்போனது. “ஏமாத்திப்புட்டான்லே அந்தக் கடக்காரன்! அட்டைய மட்டும் காட்டிட்டு எவனோ ஒப்பாரி வைக்கிற தட்டப் போட்டுக் குடுத்துட்டானே!” கண்ணீரே வந்துவிட்டது.

“அவன் ஏமாத்தல” என்றான் சங்கையா. குனிந்து, பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன விசையைக் கடைசி வரைக்கும் தள்ளினான்.

ஆலங்கட்டி மழை கொட்டியது. கீச்சுக்குரல் கத்தியது. இடிக்கூட்டமேதான்!

“இது தப்பு வேகம்லே. நெசப் பாட்டு இப்ப மொதல்ல நீ கேட்டதுதான். மொத மொத போட்ட அன்னைக்கு இந்த விசையத் தெரியாமத் தள்ளிட்டேன். நீ சடக்குன்னு எந்திரிச்சு ஆடிட்ட. குருவம்மா போனப்பறம் நீ சிரிச்சத அன்னைக்குத்தான் பாத்தேன். பெறகு எப்பிடிலே மாத்துவேன்? ஒவ்வொரு வாட்டியும் ஒனக்குத் தெரியாம நானே தள்ளிவிடுவேன்; அதான் ஒன்னப் போட விடல.”

சின்னமுத்து குனிந்து அந்த விசையைப் பார்த்தான். “அதுனால என்ன? நீயும் ஆச ஆசையாத்தானே ஆறு வருசமா ஆடுன?” என்றான்.

“யாரு, இவரா?” காப்பியோடு வந்த பெரியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நீங்க அந்தப் பக்கம் போனதும், தலவலி மாத்திர ரெண்டு போட்டுக்கிட்டுத் துணியத் தலையில கட்டிப் படுத்துருவாருண்ணே, ஒரு ஞாயித்துக்கெழம விடாம!”

சங்கையா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தயாராக நின்றான்.