ஐந்து மணி நிழல்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு வீட்டுப்பாடமா? மணிக்கொரு தரம் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட வேண்டுமாம். ஒரு கம்பை நட்டுக்கொள் என்றேன். "கம்பு சாஞ்சிரும் தாத்தா. நீங்க சாய மாட்டீங்க" என்று பேத்தி மகிழினி என்னை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டாள். படிக்காதவனை ஏமாற்றுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உச்சிப்பொழுதில் காலடியில் கிடந்த நிழல் மூன்று மணிக்கு ஆள் உயரம் வளர்ந்ததும் எனக்கே வெறி பிடித்துவிட்டது. காப்பிக்குக்கூட இறங்கவில்லை. ஐந்து மணிக்கு நிழல் கிழக்கே நீண்டு, பாகம் பிரித்தபோது மாடி நடுவில் வைத்த ஒற்றைச் செங்கல் வரிசையைத் தாண்டி, என் தலை தம்பி வடமலையின் பக்கம் போய் விழுந்தது. பத்தொன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அந்த வரிசையை எங்கள் வீட்டில் யாரும் தாண்டக் கூடாது.

"போதும் தாயி, தலையில்லாம வரஞ்சிக்கோ" என்றேன்.

"தலையில்லாட்டி டீச்சர் தப்பு போட்டுருவாங்க" என்றவள், அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த தம்பியிடம் சாக்பீஸை நீட்டினாள். "சின்ன தாத்தா, எங்க தாத்தா தலை ஒங்க வீட்ல கெடக்கு. சீக்கிரம் வரைங்க, நிழல் ஓடிரும்."

அவன் வேட்டியை மடித்துக்கொண்டு குத்தவைத்தான். தோளில் தொடங்கிய கோடு மெல்ல என் காதைச் சுற்றி வந்தது. பாதித் தலையில் நிறுத்தி, "ஒந் தாத்தாவ ஆடாம நிக்கச் சொல்லு பாப்பா" என்றான்.

"நான் எங்கல ஆடுதேன்? ஒங் கைதாம்ல நடுங்குது" என்று நேராக அவனிடமே சொன்னேன்.